கண்ணில் பூச்சி பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது: ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 63. பள்ளியில் படிக்கும் காலத்திலிருந்தே கண்ணாடி, பவர் மைனஸ் 6. போன ஆண்டு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாளுக்கு முன்பு மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வலது பக்கம் ஒரு ஈ சுற்றுவது போலத் தெரிய, கையால் விரட்டியிருக்கிறார். போகவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால் கறுப்பு நூல் ஒன்றும், உடைந்த வளையல் துண்டு மாதிரி ஒரு வளைவும் மிதந்திருக்கின்றன. அன்றிரவு பாத்ரூம் போக எழுந்து இருட்டில் திரும்பியபோது கண் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு. மழை மேகம் ஏதும் இல்லை. அது இப்போதும் இரவில் இரண்டு மூன்று முறை வருகிறது.

ஊரிலுள்ள கண்ணாடிக் கடையில் காட்டியிருக்கிறார். எழுத்துகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, பவர் மாறவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா பித்தம் என்கிறார். கணவர் ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறார். வலி கொஞ்சமும் இல்லாததால் இவருக்கும் அது சரியென்றே படுகிறது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று.

இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில்தான் தன்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறார். வீட்டில் மாமியார் இருக்கிறார், வயது 86. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் மையம் தேய்ந்து பார்வை மிகவும் குறைந்துவிட்டது. மூன்று மாதமாக அவர், “கூடத்துல சின்னப் புள்ளைங்க பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு நிக்குதுங்க, கூப்பிட்டா பேச மாட்டேங்குதுங்க” என்கிறாராம். சில நாள் வெள்ளைச் சுவர் முழுக்கப் புள்ளிக்கோலம் தெரிகிறதாம். உறவில் சிலர் மந்திரிக்கச் சொல்கிறார்கள். நாத்தனார் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார். “எனக்கும் அத்தை மாதிரி ஆரம்பமாகிறதா டாக்டர்?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

டீச்சர், உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இரண்டு வரி பதில் அனுப்பியிருந்தேன்: நாளைக் காலையே விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள், கண்ணில் மருந்து விட்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அதில் இருந்த அவசரம் உங்களைக் கலங்கடித்திருந்தால் மன்னியுங்கள். காரணத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. உங்களுக்கு நடப்பதும் அத்தைக்கு நடப்பதும் வேறு வேறு. உங்களுடையது கண்ணுக்குள் நடக்கிறது, உடனே பார்க்க வேண்டியது. அவருடையது மூளையில் பார்வைக்கான பகுதி செய்யும் வேலை, நிதானமாகப் பார்க்கலாம்.

தயிர்ப் பானையும் கண்ணும்

கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருப்பது ஏறக்குறைய 4 மில்லி ஜெல். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மிச்சம் நூல் போன்ற புரத இழைகளும் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு பொருளும். உறை ஊற்றிய தயிர் முதல் நாள் கெட்டியாகப் பானையை ஒட்டி நிற்கும். விட்டு வைத்தால் நீர் பிரியும், கட்டி சுருங்கும், ஓரத்தை விட்டு விலகும். கண்ணுக்குள்ளும் ஐம்பது வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு இதுதான் நடக்கிறது. பானையின் உட்சுவர் இருக்கும் இடத்தில் கண்ணில் விழித்திரை இருக்கிறது, நம் பார்வையைப் பதிவு செய்யும் மெல்லிய படலம்.

நீங்கள் பார்க்கும் நூல், திரண்ட இழைகள் விழித்திரை மேல் வீழ்த்தும் நிழல். அதனால்தான் பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே வருகிறது, கண் நின்ற பிறகும் கொஞ்சம் மிதந்துவிட்டு அடங்குகிறது. வெள்ளைச் சுவரிலும் வானத்திலும் பளிச்சென்று தெரிவதற்கும் அதுவே காரணம். அந்த வளையல் துண்டு எனக்கு இன்னும் தெளிவான அடையாளம். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஜெல் வட்டமாக ஒட்டியிருக்கும். ஜெல் பிரியும்போது அந்த வட்டம் கழன்று வந்து மிதக்கும். உங்கள் வலது கண்ணில் ஜெல் விழித்திரையை விட்டுப் பிரிந்திருக்கிறது, அல்லது பிரிந்துகொண்டிருக்கிறது என்று கடிதத்தை வைத்தே ஓரளவு நம்பிச் சொல்ல முடிகிறது.

மின்னலுக்கு வருவோம். சில இடங்களில் ஜெல் விழித்திரையோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். நீங்கள் கண்ணைத் திருப்பும்போது அந்த இடம் இழுபடுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது, டீச்சர். இழுத்தாலும் கிழிந்தாலும் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், வெளிச்சமாகத்தான், அது சொல்லும். ஆகவே “வலி இல்லை, அதனால் ஆபத்தில்லை” என்ற கணக்கை இந்த விஷயத்தில் தயவுசெய்து போடாதீர்கள். முப்பதாண்டு அனுபவத்தில், தாமதமாக வந்தவர்கள் எனக்குச் சொன்ன காரணங்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது.

பிரியும் ஜெல் பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் விலகிக்கொள்ளும். ஆனால் இப்படித் திடீரென்று பூச்சியும் மின்னலும் வந்து காட்டுபவர்களில் பத்துக்கு ஒருவருக்கு, சில இடங்களில் அதற்குச் சற்றுக் கூடவே, விழித்திரையில் ஒரு கிழிசல் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சாத்தியம் சராசரியை விட அதிகம். மைனஸ் பவர் கண்கள் நீளமானவை, விழித்திரை அதில் இழுபட்டு மெலிந்திருக்கும். புரை அறுவை சிகிச்சை செய்த கண்ணிலும் ஜெல் சீக்கிரம் பிரியும். இதற்காக ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நல்லபடியாகச் செய்த கண்ணிலும் இது வரும்.

ஒன்பது நாள் ஏன் பெரிது

மழைக்காலத்தில் சுவரொட்டியைப் பார்த்திருப்பீர்கள். மூலையில் சின்னதாய் ஒரு கிழிசல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய், ஒரு நாள் முழுத் தாளும் தொங்கும். விழித்திரைக் கிழிசலும் அப்படித்தான். நீர்த்துப்போன ஜெல் அதன் வழியாகப் பின்னால் போனால் விழித்திரை சுவரை விட்டு உரியும். அப்போது பார்வையின் ஒரு ஓரத்தில் திரை விழுந்தது போல இருட்டும். அந்த உரிதல் மையத்தைத் தொடுவதற்குள் சரிசெய்தால் பார்வை பெரும்பாலும் காப்பாற்றப்படும். மையமும் உரிந்துவிட்டால் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தாலும் பழைய கூர்மை திரும்பாமல் போகலாம். கிழிசலாக இருக்கும்போது பத்து நிமிட லேசரில் முடியும் காரியம், உரிந்த பிறகு ஆபரேஷன் தியேட்டர், படுக்கை, பல வார ஓய்வு என்று வளர்ந்துவிடும்.

கண்ணாடிக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பலகையின் கடைசி வரியை வாசிப்பது விழித்திரையின் மையம். கிழிசல் விழுவது ஓரத்தில், அதுவும் பெரும்பாலும் மேற்பக்கம். கண்மணியை விரிக்காமல் அந்த இடம் யாருக்கும் தெரியாது. சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். பிறகு மருத்துவர் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸோடு, உங்களை மேலே, கீழே, பக்கவாட்டில் பார்க்கச் சொல்வார். இமைக்கு மேலாகக் கண்ணின் ஓரத்தை ஒரு சின்னக் கம்பியால் மெல்ல அழுத்தியும் பார்ப்பார். கூசும், கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் “ஓரம் வரை முழுக்கப் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நல்ல மருத்துவர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இடத்தைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் கண் பிரிவு இருக்கிறது. விழித்திரைக்கென்று மருத்துவர் இருக்கும் தனியார் கண் மருத்துவமனையும் சரிதான். கிளம்புவதற்கு முன் போன் செய்து, விழித்திரை மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் ஏறி இரண்டு மணி நேரம் போய், “ரெட்டினா டாக்டர் வியாழக்கிழமைதான்” என்று கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

மூன்றில் ஒன்று நடக்கும்

கிழிசல் இல்லை, ஜெல் பிரிந்திருக்கிறது, அவ்வளவே என்று சொல்லலாம். சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள், ஆனால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒருமுறை மீண்டும் காட்டுங்கள். முதல் பரிசோதனையில் இல்லாத கிழிசல் பிறகு விழுவது சிலருக்கு நடக்கிறது. சிங்கப்பூர் போகலாம். விமானத்தால் ஜெல்லுக்கு ஒன்றும் ஆகாது. போவதற்கு முன்பே அந்த இரண்டாவது பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இரவில் திரை விழுந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று மகனிடம் இப்போதே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

கிழிசல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அன்றே லேசர். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கிழிசலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டு ஒட்டவைப்பார்கள். உடனே வீட்டுக்கு வரலாம். அந்த ஒட்டு இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும், பயணத்தை அதற்கேற்பத் தள்ளிப்போட நேரலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: லேசர் செய்தாலும் அந்தக் கறுப்பு நூல் போகாது. லேசர் கிழிசலுக்கு, நூலுக்கு இல்லை. “பணம் கட்டியும் பூச்சி போகவில்லையே” என்று வருத்தத்தோடு வந்தவர்களிடம் இதை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

உரிய ஆரம்பித்திருந்தால் அறுவை சிகிச்சை. சில வகையில் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைப்பார்கள். அது கரையும் வரை, பல வாரம், விமானம் ஏறவே கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழ் விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே பறித்துவிடும். டிக்கெட் போனால் போகட்டும்.

எது நடந்தாலும் அறிக்கைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சிங்கப்பூரில் இன்னொரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அந்தத் தாள்தான் உதவும்.

அந்த நூலை எடுக்க முடியாதா?

சொட்டு மருந்தோ மாத்திரையோ அதைக் கரைக்காது. அன்னாசிப் பழம் சாப்பிட்டால் போகும் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பிச் சர்க்கரையை ஏற்றிக்கொள்ளாதீர்கள். பொன்னாங்கண்ணிக் கீரை நல்ல கீரை, தாராளமாகச் சாப்பிடுங்கள், நூலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தேன் எதையும் கண்ணுக்குள் விடவே விடாதீர்கள். அதிலும் ஆபரேஷன் செய்த கண். தொற்று வந்தால் கிழிசலை விடப் பெரிய கஷ்டம்.

நூல் மெல்லக் கீழே தாழும், மூளையும் சில மாதங்களில் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். எழுதவோ படிக்கவோ முடியாத அளவுக்குத் தொல்லை தருபவர்களுக்கு ஜெல்லையே எடுக்கும் அறுவை சிகிச்சையும், நூலைச் சிதறடிக்கும் ஒரு லேசரும் இருக்கின்றன. இரண்டிலும் ஆபத்து உண்டு. ஒன்பது நாள் ஆன நூலுக்கு யாராவது அவற்றைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வேறொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

வீட்டில் தினமும் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் ஒரு கண்ணைக் கையால் மூடி, எதிரே உள்ள நிலைப்படியைப் பாருங்கள். நாலு மூலையும் தெரிகிறதா, சட்டம் நேராக நிற்கிறதா? அப்புறம் மறு கண். பல ஆண்டுக்கு முன் என்னிடம் வந்த விவசாயி ஒருவருக்கு இடது கண்ணில் பாதிப் பார்வை போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. வலது கண் ஈடுகட்டியதால் அவருக்கே தெரியவில்லை. வரப்பில் நிற்கும்போது வலது கண்ணில் தூசி விழுந்து, துண்டால் அதைப் பொத்திக் கசக்கிய நேரத்தில்தான், எதிரே இருந்த தென்னை மரத்தின் அடிப்பாதி காணாமல் போயிருந்ததைப் பார்த்திருக்கிறார்.

பூச்சி என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்

“கண்ணில் பூச்சி பறக்கிறது” என்று நாம் பசிக்கும் சொல்கிறோம், சட்டென்று எழுந்து நிற்கும்போது வரும் தலைசுற்றலுக்கும் சொல்கிறோம். அந்தப் பூச்சி இரண்டு கண்ணிலும் வந்து சில நொடியில் போய்விடும். பக்கத்து வீட்டம்மா அதை நினைத்துத்தான் பித்தம் என்றிருப்பார்.

கோட்டைச் சுவர் போல வளைந்து நெளியும் பளபளப்பு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் கிளம்பி, இருபது முப்பது நிமிடம் விரிந்து அடங்கினால் அது ஒற்றைத் தலைவலியின் முன்னோடி. தலைவலி வராமலும் இது வரும். ஆனால் ஐம்பதுக்கு மேல் முதல் தடவையாக வந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஒரு கண்ணில் திரை இறங்கி, சில நிமிடத்தில் தானே விலகினால் அது பக்கவாதத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். சரியாகிவிட்டதே என்று இருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் புகைக்கரி கொட்டியது போலத் திடீரென்று தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். இதிலும் நாள் கடத்தக் கூடாது.

அத்தை பார்க்கும் பிள்ளைகள்

அத்தைக்குப் பைத்தியம் இல்லை, பேயும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பார்வை வெகுவாகக் குறைந்த முதியவர்களுக்கு வரும் சார்லஸ் பானெட் சிண்ட்ரோம் போலவே இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் தகவல் குறைந்துவிட்டதால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்க முடியாமல் தானே படங்களை எழுப்புகிறது. சிறிய உருவங்கள், அலங்கார உடை, முகங்கள், சுவரில் கட்டம் கட்டமாகவோ கொடி கொடியாகவோ வடிவங்கள், இவைதான் இதில் அடிக்கடி வருபவை. வாழ்நாளெல்லாம் வாசலில் புள்ளி வைத்தவருக்கு அந்த வடிவம் கோலமாகத் தெரிவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் கூப்பிட்டும் பிள்ளைகள் பேசவில்லை என்றாரே, அது முக்கியமான தகவல். இந்த நிலையில் காட்சி மட்டுமே வரும், குரல் வராது.

இதற்கு அந்தப் பெயர் வந்ததும் ஒரு குடும்பக் கதைதான். ஜெனீவாவில் சார்லஸ் பானெட் என்ற இயற்கை ஆய்வாளர், பார்வை மங்கிய தன் தாத்தா மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் காண்பதை 1760 இல் எழுதி வைத்தார். தாத்தாவுக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது, புத்தி தெளிவாக இருந்தது, தான் காண்பது நிஜமில்லை என்று அவருக்குத் தெரிந்தும் இருந்தது. அத்தையிடமும் இதை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: “அந்தப் பிள்ளைங்க நிஜமா அத்தை, இல்ல கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கா?” அவர் மூன்று மாதம் முன்புதான் சொல்ல ஆரம்பித்தார் என்றால், பார்க்க ஆரம்பித்தது அதற்கும் முன்பாக இருக்கலாம். என்னிடம் வரும் பாட்டிகள் மகன் அறையை விட்டுப் போன பிறகுதான் இதைச் சொல்வார்கள். சொன்னால் தன்னைக் கிறுக்கி என்று ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம்.

பிள்ளைகள் வரும் நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் சாயங்காலம், மங்கின வெளிச்சம், தனியாகச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமாக இருக்கும். டியூப் லைட்டைப் போடுங்கள், பேச்சுக் கொடுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகப் பதினைந்து முறை ஓட்டச் சொல்லுங்கள். எழுந்து நாலடி நடந்தாலும், கை நீட்டித் தொடப் போனாலும் பலருக்குக் காட்சி கலைந்துவிடும். “அப்படி ஒன்றும் இல்லை” என்று சண்டை போட வேண்டாம், “ஆமாம், நானும் பார்த்தேன்” என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். பார்வை குறைந்ததால் வருவது என்ற ஒரு விளக்கத்திலேயே பாதிப் பேருடைய பயம் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். பலருக்குப் போகப் போகக் குறையும், ஆனால் பல ஆண்டு நீடிப்பதும் உண்டு.

நாத்தனார் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. குரல் கேட்க ஆரம்பித்தால், பிள்ளைகளுக்குச் சோறு வைக்கச் சொல்லும் அளவுக்கு நிஜம் என்று நம்பினால், மறதியோ கை நடுக்கமோ நடை தேய்வதோ கூடவே இருந்தால், காய்ச்சல் அல்லது நீர்க்கடுப்போடு திடீரென்று குழம்பினால், புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய பின் வந்திருந்தால், அது வேறு கதை. பொது மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ பார்க்க வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல் “கண்ணில் ஏதோ தெரிகிறதாம்” என்ற ஒரே காரணத்துக்காக மனநோய் மாத்திரையை மட்டும் தொடங்க வேண்டாம். 86 வயதில் அது தள்ளாட்டத்தைக் கொடுத்து, விழுந்து இடுப்பு எலும்பு உடைவதில் கொண்டுபோய் விடும். மந்திரிப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, புகையும் விபூதியும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் கண் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். புரையோ வேறு ஏதாவதோ கூடுதலாக மறைத்துக்கொண்டிருந்தால், அதைச் சரிசெய்து கிடைக்கும் கொஞ்சப் பார்வைகூடப் பிள்ளைகளின் வருகையைக் குறைக்கும்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பழைய கண்ணாடிச் சீட்டு, புரை ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். லேசர் என்றால் அன்றே இருக்க வேண்டி வரும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கணவர் கூட வரட்டும். மருந்து விட்ட கண் நாலைந்து மணி நேரம் மங்கலாகவும் வெயிலில் கூசிக்கொண்டும் இருக்கும். இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று அத்தையை அன்றைக்கே அழைத்துப் போகாதீர்கள். பஸ் படியில் அவர் கையைப் பிடிக்க வேண்டிய உங்களுக்கே அன்று படி தெரியாது. அவருக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.